கேட்காமல் பூத்த அன்னாசி

வலது தோள்பட்டை காலையிலிருந்தே கழன்று கையில் வந்துவிடும்போல் வலித்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை மெஷினுக்குள்ளிருந்து உருவி உருவி, பெரியக்காவுக்கு அந்தக் கை மட்டும் ஒரு சாண் நீண்டுவிட்டது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். கேலியில் பாதி உண்மை இருந்தது. வேலை முடிந்து வந்தவள் கீழ்ப்படியில் நின்று, அந்தக் கையால் சுவரைப் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சாக ஏறினாள். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மாடியின் தகரக் கூரையில் அது விழுகிற சத்தம், யாரோ மேலே உட்கார்ந்து பயறு புடைப்பதுபோல் கேட்டது. பசியும் இருந்தது. ஆனால் வலி பசியை முந்திக்கொண்டு முன்னால் ஏறிப் போயிற்று.

“அம்மா! சீக்கிரம் வாம்மா. உன் புருஷன் வந்திருக்காரு!”

மேலேயிருந்து மகள்தான் கூவினாள். பெரியக்கா நடுப்படியில் நின்றுவிட்டாள். புருஷன் இருமி இருமிச் செத்துப்போய் எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது. மகளின் குரலில் சிரிப்பு இருந்ததைக் கவனித்த பிறகுதான் நின்ற மூச்சு திரும்பி வந்தது.

“வந்தா உக்காரச் சொல்லு. இத்தன நாளும் எங்க ஊர் மேஞ்சாருன்னு கேட்டு வை. நான் வந்து பேசிக்கறேன்” என்று பதிலுக்குக் கத்திவிட்டு மிச்சப் படிகளை ஏறினாள்.

மாடியில் இருந்தது ஒரே அறை. பலகை அடித்து அதில் ஒரு மூலையைச் சமையலுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சமையல் பக்கம் பெரியக்காவுக்கு, கட்டில் பக்கம் மகளுக்கும் மருமகனுக்கும். மகளுக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது, படியேறி இறங்காதே, படுத்தே இரு என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளுடைய பகல் முழுக்கக் கட்டிலில்தான் கழிந்தது. இப்போது அவள் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டில் தலைமாட்டில் குனிந்து நின்றாள். பக்கத்தில் கீழ்வீட்டுத் தையல்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்க, அதிசயம் பார்க்க வந்தவளாக வாயைத் திறந்தபடி நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் பழைய எண்ணெய் டின். டின்னில், செத்துப்போன புருஷன் விட்டுப்போன அன்னாசிச் செடி.

வருஷக்கணக்காக அது வெறும் முள்ளிலையாகத்தான் நின்றது. குப்பையில் போடவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடமிருக்காது. வீடு மாறும்போதெல்லாம் கடைசிச் சாமானாக வண்டியில் ஏறும். இன்று அதன் நடுக்குருத்து அகன்று விரிந்திருந்தது. உள்ளே அடிவயிற்றிலிருந்து கிளம்பினதுபோல் ஒரு சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் சின்னச் சின்னச் சிவந்த செதில்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூம்பாக எழும்பிக்கொண்டிருந்தன.

“நல்லதுக்குத்தான் பூத்திருக்கு பெரியக்கா” என்றாள் தையல்காரி. “வயித்துல இருக்கறது சும்மா வரல, தடபுடலா வருது.”

“அப்பா இருந்தப்ப நான் கேட்டேன், பூத்துச்சு” என்றாள் மகள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. “இந்தத் தடவ நான் கேக்கவே இல்லம்மா. தண்ணி ஊத்தவே பாதி நாள் மறந்துபோச்சு. இவன்தான் உள்ள இருந்துகிட்டு கேட்டிருக்கான், திருட்டுப்பய.” வயிற்றில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

பெரியக்கா சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தும் முகம் ஒத்துழைக்க மறுத்தது. பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்னாசி தானாகப் பூக்காது என்று சொன்னால் பொய். பூக்கும், அதற்கு மனம் வந்தபோது. ஆனால் தோட்ட முதலாளிகளுக்கு அதன் மனதுக்காகக் காத்திருக்க நேரமில்லை. கல்யாணமான புதிதில் பெரியக்காவும் புருஷனும் ஒரு அன்னாசித் தோட்டத்தில்தான் கூலிக்கு இருந்தார்கள். அங்கே கல் வைக்கிற வேலை. கார்பைடு கல். மாம்பழத்தையும் வாழையையும் அவசரமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல். இடுப்பில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குனிந்து போக வேண்டும். ஒவ்வொரு குருத்துக்குள்ளும் மொச்சை அளவு கல், அதன்மேல் ஒரு மிடறு தண்ணீர். புஸ்ஸென்று நுரைத்து வாயு கிளம்பும்; செடியைப் பூக்க வைப்பது அந்த வாயுதான், தீப்பொறி பட்டால் வெடிப்பதும் அதுதான். பூண்டு நசுக்கியதுபோல் ஒரு காட்டமான நாற்றம் மூக்கைப் பிய்க்கும். விரல் நுனியெல்லாம் வெந்து தோலுரியும். ஒன்றரை மாதம் போனால் மொத்தத் தோட்டமும் ஒரே நேரத்தில் குருத்து சிவந்து நிற்கும். “பூக்குதுன்னு நெனைக்கறியா? செடி பயந்துபோய் நிக்குது” என்பான் புருஷன். “செத்துருவோம்னு நெனச்சுக்குது. அதான் அவசர அவசரமா பிள்ள பெத்துக்குது.”

வேலையை விட்டு வரும்போது அவன் ஒரு அன்னாசிக் கொண்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து டின்னில் நட்டான். சின்ன டின், அரைகுறை வெளிச்சம். அது பூக்கிற வழியாக இல்லை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சமயம். தினமும் செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “பூ, பூ” என்று கெஞ்சுவாள். பார்க்கச் சகிக்காமல் அவன் எங்கேயோ போய் ஒரு துணுக்குக் கல் வாங்கி வந்து, பிள்ளைக்குத் தெரியாமல் குருத்தில் போட்டுத் தண்ணீர் விட்டான். பூத்தது. காய்த்தது. தான் கேட்டதால்தான் பூத்தது என்று அவள் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தாய்ச்செடி காய்த்த பிறகு வாடிப்போக, அடியில் விட்ட பக்கக்கன்று அதே டின்னில் நின்றுகொண்டது. கல் வைக்க ஆளில்லை. அது ஊமையாகவே இருந்துவிட்டது.

இப்போது யார் வைத்தார்கள்?

“இது எப்பலேர்ந்து உள்ள இருக்கு?” என்று கேட்டாள் பெரியக்கா.

“மழ ஆரம்பிச்சப்பவே உள்ள எடுத்து வச்சேனே. வெளிய காத்துல ரெண்டு தடவ உருண்டுச்சு. ஏம்மா?”

“குருத்துல யாராச்சும் எதையாச்சும் போட்டீங்களா?”

“யாரு போடப் போறா? உன் மாப்ளைக்கு செடின்னா அது இருக்கறதே தெரியாது.”

“உனக்கு இப்ப தலைவலி எப்படி?”

“அது இருந்துகிட்டேதான் இருக்கு. மத்தியானம் படுத்தா எந்திரிக்கவே முடியல, யாரோ மேல உக்காந்து அமுக்கற மாதிரி. வாந்தி வேற. அதோட அந்தப் பூண்டு நாத்தம். சொன்னா நீங்க ரெண்டு பேரும் நம்பறதே இல்ல.”

ஆமாம், மகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். மழை தொடங்கிய நாளிலிருந்து, பூண்டு நாறுது, பூண்டு நாறுது என்று ஒரே புலம்பல். பெரியக்கா சமையல் மூலையைக் கழுவித் தள்ளினாள். சாக்கடை வாயில் பினாயில் ஊற்றினாள். கடைசியில், பிள்ளைத்தாச்சி மூக்கு அப்படித்தான், சும்மா இருக்கிற சுவரும் நாறும் என்று தள்ளிவிட்டாள். இவளாக மோந்து பார்க்க வழியில்லை. சலவைக்கூடத்தில் இத்தனை வருஷம் பிளீச்சிங் பவுடர் கரைத்ததில் மூக்கு செத்துப்போயிருந்தது. அதனால்தான் பிரசவ வார்டு மூட்டைகளையும் சீழ் மூட்டைகளையும் இவள் தலையில் கட்டுவார்கள். “உனக்கென்னக்கா, எல்லாமே மல்லிப்பூ” என்பார்கள். இவளும் சிரித்துக்கொண்டு அள்ளிப் போடுவாள். மருமகனின் மூக்கோ அவன் வேலை பார்க்கிற, பழம் பழுக்க வைக்கிற கிட்டங்கியிலேயே கிடந்து மரத்துப்போன மூக்கு. ஆக வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல மூக்கு. அதைத்தான் யாரும் நம்பவில்லை.

கிட்டங்கி என்று நினைத்ததும் மீதி தானாக வந்து சேர்ந்தது. மழை தொடங்கிய வாரத்தில் பழச் சந்தையில் சோதனை நடந்தது. கல் வைத்த பழத்தையெல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டினார்கள். மருமகனின் முதலாளி மட்டும் தப்பித்தார். “எங்ககிட்ட ஒரு கல்லு கூட எடுக்க முடியல அத்தே. அலசி அலசிப் பாத்துட்டு வெறுங்கையோட போனாங்க” என்று அவன் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே பெருமையாகச் சொன்னான். நல்லதாப் போச்சு என்று இவளும் இன்னொரு கரண்டி போட்டாள். எடுக்க முடியாத கல் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

மழை வலுத்தது. அறை ஒரேயடியாக இருண்டது. “என்ன இருட்டு இது” என்று மகள் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

“லைட்டப் போடாத!”

பெரியக்கா போட்ட சத்தத்தில் தையல்காரி ஒரு எட்டு பின்னால் போனாள். மகளின் கை அந்தரத்தில் நின்றது.

“என்னம்மா ஆச்சு உனக்கு?”

“மேல ஒழுகுது. கரண்டு அடிச்சிரும்.” வாயில் வந்ததைச் சொன்னாள். பிறகு தையல்காரியிடம் திரும்பி, குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு, “இவளுக்கு ஒரு பெரிய நைட்டி தச்சுத் தரணும்னு சொன்னேன்ல. கீழ கூட்டிட்டுப் போய் அளவெடு. நிதானமா எடு. அவசரமே இல்ல” என்றாள்.

“படி இறங்கக் கூடாதுன்னு டாக்டரு…” என்று மகள் இழுத்தாள்.

“ஒருநாள் இறங்கலாம். நான் சொல்றேன்ல.”

அவர்கள் கைத்தாங்கலாக இறங்கிப் போகிற வரைக்கும் அசையாமல் நின்றாள். பிறகு மழைக்காகச் சாத்தி வைத்திருந்த ஜன்னல்களை இரண்டு பக்கமும் திறந்தாள். அடுப்பை ஒருமுறை பார்த்தாள். காலையில் அதைப் பற்ற வைத்துத்தான் சாயா போட்டாள். நேற்றும் பற்ற வைத்தாள். மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு நாளும். இத்தனை நாளும் இந்த வீடு வெடிக்காமல் இருந்திருக்கிறது. அது யார் புண்ணியம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியில் பெட்டியும் செருப்பும்தான் இருந்தன. அலமாரிக்குப் பின்னால் பாய். கண்ணை உயர்த்தினாள். கட்டிலுக்கு நேர் மேலே பரண். பழைய மின்விசிறி, சாக்கு, ஒரு உடைந்த சூட்கேஸ். அவற்றுக்குப் பின்னால் மூலையில், தார்ப்பாயில் சுற்றி வைத்த ஏதோ ஒன்று. அந்த மூலைக்கு மேல் தகரத்தில் ஒரு ஆணி ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் இழையாக இறங்கி, தார்ப்பாயின் மடிப்புக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். வலது கை தூக்கவே வரவில்லை. இடது கையால் சூட்கேஸை நகர்த்தி எட்டித் தொட்டாள். தார்ப்பாய் வெதுவெதுவென்று இருந்தது. மழையில், ஈரத்தில், நெருப்புக் காணாத பரணில், ஒரு பொருள் காய்ச்சல்காரன் நெற்றிபோல் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரிய பெயிண்ட் வாளி. மூடி ஒரு பக்கம் உப்பிப் பிளந்திருந்தது. பிளவைச் சுற்றிச் சாம்பல் பூத்த வெள்ளைக் குழைவு. விரலை வைத்ததும் சுரீரென்றது. மூக்கு செத்தால் என்ன, விரலுக்கு மறக்கவில்லை. அந்த எரிச்சலை அவளுக்கு இருபது வயதிலிருந்தே தெரியும்.

மருமகன் வருகிற நேரத்துக்கு அவள் கீழ்ப்படியில் நனைந்துகொண்டு நின்றாள். அவன் சைக்கிளை நிறுத்தினதும், “மாப்ளே, மேல பரண்ல இருக்கறது என்ன?” என்று கேட்டாள்.

அவன் முகம் சட்டென்று வெளுத்தது. கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பெண்டாட்டிக்கு வாய்க்கு ருசியாக எதையாவது கையில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். இன்றைக்கும் சட்டைக்குள் நனையாமல் ஒரு பொட்டலம் வைத்திருந்தான். கெட்டவனாக இருந்திருந்தால் பெரியக்காவுக்கு அந்த நேரம் சுலபமாக இருந்திருக்கும்.

“அது… ஒண்ணுமில்ல அத்தே. முதலாளி சாமான்.”

“என்ன சாமான்?”

அவன் படியையே பார்த்தான்.

“நான் கல்லு வச்சு விரல் வெந்தவ. என்கிட்ட போய் சாமான்னு சொல்றீங்க.”

“சோதனைக்கு வர்றாங்கன்னு திடீர்னு சேதி வந்துச்சு. அவசரத்துக்கு எங்கயாச்சும் வச்சிருன்னாரு. ரெண்டு நாளைக்குன்னுதான் வச்சேன் அத்தே. அப்புறம் தினமும் எடுக்கணும் எடுக்கணும்னு…” அவன் குரல் தேய்ந்தது. “கல்லு ஈரம் படக்கூடாதுல்ல. வீட்லயே காஞ்ச இடம் அதுதான். பாத்து பாத்துத்தான் வச்சேன்.”

பாத்து பாத்து வைத்திருக்கிறான். பெண்டாட்டி தலைக்கு நேர் மேலே. பெரியக்காவுக்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும்போல் இருந்தது, தோள் வலித்தது.

“கூரை ஒழுகுது. கல்லு வேகுது. இத்தன நாளா அவ அதத்தான் இழுத்துக்கிட்டுக் கெடந்திருக்கா. அவ மட்டுமா?”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சட்டைக்குள்ளிருந்த பொட்டலம் நழுவித் தண்ணீரில் விழுந்தது. எடுக்கவில்லை.

“அழுவறதெல்லாம் அப்புறம் வச்சுக்கங்க. மொதல்ல எந்திரிங்க. லைட்டு போடாதீங்க, தீக்குச்சி கிழிக்காதீங்க. போன மேல கொண்டு போகாதீங்க.”

அவன் போனையும் தீப்பெட்டியையும் அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறினான். குழந்தையைத் தூக்குவதுபோல் அந்த வாளியைத் தார்ப்பாயோடு மார்பில் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினான். மேலே மழை படாமல் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தியிருந்தான். தையல்காரியின் வீட்டுக்குள்ளிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அளவு நாடா போதவில்லை என்று ஏதோ கேலி. அந்தச் சிரிப்பு கடந்து போகிற வரைக்கும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே வந்து போனை வாங்கி முதலாளிக்குச் சேதி சொன்னான்; தெருக்கோடியில் அவருடைய மூடு வண்டி வந்து வாளியை ஏற்றிக்கொண்டு போயிற்று. எங்கே போயிற்று என்று பெரியக்கா கேட்கவில்லை. இன்னொரு பரணுக்குத்தான் போயிருக்கும்.

திரும்பி வந்தவன் வெற்றுடம்பில் தண்ணீர் சொட்ட, அவள் கால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அத்தே, அவகிட்ட இத இப்ப சொல்ல வேணாம். பிரஷர் ஏறிரும். ஏதாச்சும் ஆயிருச்சுன்னா…”

“ஆனது ஆயாச்சான்னே தெரியல. இதுக்கு மேல என்ன ஆகணும்?”

“என்ன உள்ள தள்ளிருவாங்க அத்தே. முதலாளி பேரு வராது, என் பேருதான் வரும். அவள யாரு பாப்பா? நீங்க எத்தன போர்வதான் பிழிவீங்க?” பிறகு தாழ்ந்த குரலில், “பொறக்கட்டும். நானே சொல்லிடறேன். சத்தியமா” என்றான்.

பெரியக்கா தன் விரலைப் பார்த்தாள். நுனி வெளுத்துத் தோல் சுருங்கிக்கொண்டிருந்தது. அவன் சொன்னதில் பொய்யான வார்த்தை ஒன்றும் இல்லை. “நீங்க சொல்ல மாட்டீங்க. நானே சொல்றேன். பொறக்கட்டும்” என்றாள். சொல்லி முடித்ததும், அவனோடு சேர்ந்து தானும் அந்த வாளியின் ஒரு பக்கக் காதைப் பிடித்துவிட்டதுபோல் இருந்தது.

பிறகு வந்த நாட்களில் மகளின் தலைவலி குறைந்தது. பூண்டு நாற்றம் போய்விட்டது என்று அவளே ஆச்சரியப்பட்டாள். நைட்டி அளவெடுக்க இறங்கினேனே, அந்தக் காற்றுதான் மருந்து என்று தையல்காரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தாள். அன்னாசி மளமளவென்று வளர்ந்தது. கூம்பு காம்பு விட்டு மேலே எழும்பி, செதிலுக்கு ஒன்றாக ஊதாப் பூக்கள் அடியிலிருந்து வரிசையாகத் திறந்தன. காலையில் திறந்தது மாலையில் சுருண்டு உதிர்ந்தது. தெருவிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “நம்ம வீட்டுல ஒரு கத்தாழ கூட பூக்க மாட்டேங்குது” என்று ஒருத்தி அங்கலாய்த்தாள். பெரியக்கா மட்டும் தலைமாட்டுப் பக்கம் போவதில்லை. கூட்டும்போதும் டின்னைச் சுற்றி விட்டுவிட்டுக் கூட்டினாள். உதிர்ந்த பூக்களை மகள்தான் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தாள். மருமகன் முன்னைவிட அதிகமாகத் தின்பண்டம் வாங்கி வந்தான். பெண்டாட்டி எதிரில் மாமியார் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

மாதப் பரிசோதனைக்கு மூன்று பேரும் போனார்கள். டாக்டரம்மா வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். டேப்பை வைத்து அளந்தாள். திரும்ப ஒருமுறை அளந்தாள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுவரில் மின்விசிறி கரகரவென்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“குழந்தை மாசத்துக்குத் தகுந்த வளர்ச்சி இல்லையே” என்றாள். “நல்லா சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறாங்க டாக்டர்” என்று மருமகன் முந்திக்கொண்டான். “நான்தான் வாங்கிட்டு வர்றேன்.”

“அசைவு எப்படி?”

“முன்ன நல்லா உதைச்சான்” என்றாள் மகள். “இப்ப சமத்தா இருக்கான்.”

டாக்டரம்மா அதற்குச் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்தாள். “வீட்ல யாராவது சிகரெட் குடிக்கறீங்களா? விறகடுப்பு, புகை, பூச்சி மருந்து, கெமிக்கல், ஏதாவது வாயு… அந்த மாதிரி எதுக்காவது பக்கத்துல இருந்தீங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. தெரிஞ்சா நான் அதுக்குத் தகுந்த மாதிரி பாக்கணும்.”

“அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்ல டாக்டர்” என்றாள் மகள், கொஞ்சம் பெருமையாகக்கூட. “எங்க வீடு நல்ல வீடு. நான் உண்டு, என் கட்டில் உண்டு.”

மருமகன் தன் முழங்காலைப் பார்த்தான். அவன் உள்ளங்கை வேர்த்துப் பேன்ட்டில் ஈரத் தடம் விட்டிருந்தது. பெரியக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்துதான் இருந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டு தயாராக இருந்தது. ஒரே ஒரு சொல். சொன்னால் அடுத்த நிமிஷம் மகள் திரும்பிப் புருஷனைப் பார்ப்பாள்; அப்புறம் தாயைப் பார்ப்பாள்; ரத்த அழுத்தக் கருவியின் பட்டை இன்னும் அவள் கையில்தான் சுற்றியிருந்தது. மகள் வெளியே போனதும் தனியாக நின்று சொல்லிவிடலாம் என்று பெரியக்கா நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா எதையோ கிறுக்கி, “அடுத்த வாரமே வந்துருங்க, தள்ளிப் போடாதீங்க” என்று சீட்டை நீட்ட, நர்ஸ் கதவைத் திறந்து அடுத்தவர்களை உள்ளே விட்டாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். எழுந்து இடம் விட வேண்டியதாயிற்று.

மருமகன் ஆட்டோ பிடித்து வரப் போனான். வாசல் மறைப்பின் கீழ் தாயும் மகளும் நின்றார்கள். மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. போகிற வருகிறவர்கள் குடையை உதறிவிட்டுப் படியேறினார்கள்.

“அம்மா, கையக் குடு. கையக் குடேன்.” மகள் பெரியக்காவின் கையைப் பிடித்திழுத்து வயிற்றின் இடது பக்கம் வைத்து அழுத்தினாள். “இங்கதான். இப்ப லேசா ஒண்ணு தட்டின மாதிரி இருந்துச்சு. வைம்மா, எடுக்காத. மறுபடி தட்டுவான்.”

பெரியக்கா கையை வைத்திருந்தாள். துணிக்குக் கீழே சூடு தெரிந்தது. பிள்ளைச் சூடுதான். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் தாயின் முகத்தில் நட்டு, காத்திருந்தாள். ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. உள்ளங்கைக்குக் கீழே ஒன்றும் தட்டவில்லை.

“இரும்மா, இன்னும் கொஞ்ச நேரம்” என்றாள் மகள்.

உள்ளே, மூடிய கதவுக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மாவுக்கு ஒரு பதில் தர வேண்டியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கும் அதே பதிலைத் தர வேண்டியிருந்தது. பெரியக்கா இரண்டு பேருக்கும் கடன்பட்டிருந்தாள்.